காத்திருப்பு வீடு

மலைமேல் நான்கு கட்டில்கள் போட்ட ஓட்டு வீடு ஒன்று இருந்தது. சுற்றுப்பட்டு மக்கள் அதற்கு வைத்த பெயர் காத்திருப்பு வீடு.

சாலை எட்டாத சிற்றூர்கள் அந்த மலையில் பல. வலி கண்ட பிறகு புறப்பட்டால் பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிடும். அதனால் நிறைமாதப் பெண்கள் இருபது நாள் முன்னதாகவே நடந்து வந்து, அந்த வீட்டில் தங்கிப் பிள்ளை பெற்றுக்கொண்டு போவார்கள்.

வீட்டை நடத்தியவர் எமரென்சியா என்ற கன்னியாஸ்திரி. வயது முப்பத்தெட்டு. பதினைந்து வருடமாகப் பிரசவம் பார்க்கிறவர். மலைச்சனத்துக்கு அவர் மதரம்மா.

அவரிடம் துறவறம் பயில வந்திருந்தவர் லீமா ரோஸ். வயது நாற்பத்தொன்று. புதிதாக வருகிறவர்கள் தலையில் நரை கண்ட லீமாவைத்தான் மதரம்மா என்று நினைத்துக் கும்பிடுவார்கள். எமரென்சியா அதைத் திருத்துவதில்லை. லீமாதான் ஒவ்வொரு தடவையும் கூசிப்போவார்.

லீமா நகரத்தில் பெரிய மருத்துவமனை ஒன்றில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவர். அதை உதறிவிட்டு மடத்தில் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அந்த டிசம்பர் எட்டாம் தேதி வார்த்தைப்பாடு கொடுத்து முழுக் கன்னியாஸ்திரி ஆவதாக ஏற்பாடு. நவம்பர் முடியும்போது தலைமை மடத்திலிருந்து கடிதம் வந்தது.

இன்னும் ஒரு வருடம் பொறுத்திருக்கவும்.

காரணம் எழுதவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. சிறிய ஜெபக்கூடத்தில் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளில் ஒன்று மட்டும் எரிந்தது. ஜெபம் முடிந்தும் லீமா எழுந்திருக்கவில்லை.

"மதர், ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"வருஷா வருஷம் இந்த நாலு வாரமும் காத்திருங்க, காத்திருங்கன்னு சொல்றோம். காத்திருக்கிறதுன்னா என்ன செய்றது?"

எமரென்சியா ஜன்னல் வழியே பார்த்தார். பனிமூட்டத்துக்குள் ஒரு பெண் தனியாக மேடேறி வந்துகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் துணிப்பை.

"அடுப்புல தண்ணி வைக்கிறது," என்றார் எமரென்சியா. "போய் வையுங்க."

வந்தவள் பெயர் அலமேலு. சாமைக்காடு என்ற சிற்றூரிலிருந்து ஒன்பது மைல் நடந்து வந்திருந்தாள். இது அவளுக்கு மூன்றாவது. முதல் குழந்தை டோலி கட்டித் தூக்கி வரும் வழியில், ஓடைக்கரையில் இறந்து பிறந்தது. இரண்டாவது, வீட்டிலேயே. அதுவும் அழவில்லை.

சூடான தண்ணீரில் கால் கழுவிக்கொண்டாள். கொடுத்த கஞ்சியைக் குடித்தாள். பிறகு மூலையில் இருந்த கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

லீமா பக்கத்தில் போய் நின்றார்.

"கவலைப்படாத அலமேலு. இந்தத் தடவை நல்லபடியா பொறக்கும்."

அலமேலு திரும்பவில்லை.

"போன தடவையும் இதைத்தான் சொன்னாங்க. அதுக்கு முந்தின தடவையும்."

லீமா நேராக எமரென்சியாவிடம் போனார். அவர் உலர்ந்த பழைய சேலைகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மதர், அந்தப் பொண்ணுக்கு நம்பிக்கைன்னு ஒண்ணு துளிகூட இல்லை."

"அப்படியா?"

"வாயைத் திறந்தாலே அவநம்பிக்கையாத்தான் பேசுறா."

எமரென்சியா இன்னொரு சேலையை எடுத்து உதறினார்.

"வாயை விடுங்க. காலைப் பார்த்தீங்களா? ஒன்பது மைல்."

லீமா சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

நாட்கள் ஒரே மாதிரி போயின. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் எமரென்சியா மரக்குழலை அலமேலுவின் வயிற்றில் வைத்துக் காது கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் முழுவதும் குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணுவார். நூற்று நாற்பது. நூற்று முப்பத்தெட்டு. நோட்டில் எழுதுவார். சில நாள் குழலை எடுத்தபின், அலமேலுவையே வயிற்றைத் தொட்டுப்பார்க்கச் சொல்வார். அவள் மாட்டாள்.

பின்னால் வந்த இரண்டு பெண்கள் முன்னால் பெற்றுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு குழந்தை அழும்போதும் அலமேலு சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள்.

டிசம்பர் எட்டு வந்தது. லீமாவோடு பயிற்சியில் சேர்ந்தவர்கள் மலைக்குக் கீழே நகரத்துக் கோவிலில் வார்த்தைப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லீமா சமையல்கட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

பூசை வைக்க வந்த பங்குச் சாமியார் காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார்.

"மனசு கஷ்டப்படாதீங்க சிஸ்டர். எமரென்சியா மதரே தள்ளிப்போடச் சொல்லி எழுதியிருக்காங்கன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்."

லீமாவின் கையிலிருந்த மொச்சைக்காய் அப்படியே நின்றது.

சாமியாரின் பைக் சத்தம் கொண்டை ஊசி வளைவில் தேய்ந்து மறையும்வரை பொறுத்திருந்தார். பிறகு எழுந்து போனார். எமரென்சியா அவசரத்துக்கு வைத்திருந்த ஜீப்பின் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா எழுதினது?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்பீங்கன்னு இருந்தேன்."

"என்ன எழுதினீங்க?"

"நல்லவங்க, கெட்டிக்காரங்க, காத்திருக்கத் தெரியாதவங்கன்னு எழுதினேன்."

லீமாவின் முகம் சிவந்தது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது அப்போது வெளியே வந்தது.

"காத்திருக்கத் தெரியாதுதான். எப்படித் தெரியும்? எங்க ஆஸ்பத்திரிக்கு பவானின்னு ஒரு பொண்ணு வந்தா. நிறைமாசம். தலைவலிக்குதுன்னு சொன்னா. டாக்டர் வருவாங்க, காத்திருன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். அந்தப் பக்கமா போறப்பெல்லாம் மூணு தடவை சொன்னேன். வராந்தா பெஞ்சுல உட்கார்ந்து அவளும் காத்திருந்தா. நாலாவது தடவை நான் போனப்போ அவளுக்கு ஜன்னி கண்டு கீழ விழுந்து கெடந்தா. அம்மாவும் போயிட்டா, பிள்ளையும் போயிடுச்சு. அதுக்கப்புறம் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியுது, மதர். காத்திருந்தவ செத்துப்போனா."

எமரென்சியா காற்றடிக்கும் பம்பைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாங்க?"

"நாலரை மணி நேரம்."

"அந்த நாலரை மணி நேரமும் பக்கத்துல யாரு இருந்தா?"

லீமா பதில் சொல்ல வாயெடுத்தார்.

"அவங்களைக் காக்க வச்சிருக்கீங்க," என்றார் எமரென்சியா. குரலில் கோபம் இல்லை. "அவங்களோட யாரும் காத்திருக்கல."

லீமா ஜீப்பின் மறுபக்கம் போய் நின்று வெகுநேரம் அழுதார். எமரென்சியா அவரை அழ விட்டார். ஆனால் உள்ளே போகவில்லை. மற்ற மூன்று சக்கரங்களுக்கும் நிதானமாகக் காற்றடித்து முடித்தார்.

அன்று மாலை லீமா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அலமேலுவின் கட்டிலோரம் போட்டார். நல்லா பொறக்கும் என்று சொல்லவில்லை. பயப்படாதே என்றும் சொல்லவில்லை. மிச்ச மொச்சையை முறத்தில் கொட்டி உரிக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அலமேலு சுவரிலிருந்து திரும்பினாள்.

"இப்படி உரிச்சா நகக்கண்ணு வலிக்கும். கொடு இங்க."

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் உரித்தார்கள்.

குறித்த தேதி டிசம்பர் பதினெட்டு. பதினெட்டு வந்தது, போனது. பத்தொன்பது போனது. இருபதாம் தேதி காலையில் அலமேலுவின் புருஷன் வெங்கட்டன் வந்து நின்றான். தோளில் கம்பளி, கையில் தடி.

"கூட்டிக்கினு போறேன் மதரம்மா."

"என்னப்பா அவசரம்?"

"சொன்ன நாளு தாண்டிப்போச்சு. கேவுரு அறுப்புக் கெடக்குது. வந்து இருபது நாளா சும்மா படுத்துக்கினு கெடக்குறா. வீட்டுலயே ஆவறது ஆவட்டும்."

அலமேலு துணிகளைப் பையில் வைக்க ஆரம்பித்தாள். "போனா..." என்று ஆரம்பித்த லீமா, எமரென்சியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எமரென்சியா வெங்கட்டனுக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார். அவன் குடிக்கும்வரை எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கேவுரு இந்த வருஷம் எப்படி?"

"கதிரு நல்லா புடிச்சிருக்குது. பன்னித் தொல்லைதான். பரண் போட்டுக் காவலுக்கு இருக்கேன்."

"தினமும் பன்னி வருதா?"

"எங்க வருது? பத்து நாளைக்கு ஒருக்கா வரும்."

"அப்போ மிச்ச ஒன்பது நாளு பரண்ல சும்மாவா உட்கார்ந்திருக்க?"

வெங்கட்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் படித்த அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற சிரிப்பு.

"இன்னா மதரம்மா இப்படிக் கேக்குற? எந்த நாளு வரும்னு சொல்லிட்டா வருது? வராத நாளும் உக்காந்திருந்தாத்தான் வர்ற நாளு அங்க இருப்போம்."

சொல்லிவிட்டுக் காபியை வாய்வரை கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். கட்டிலருகே பையோடு நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். டம்ளருக்குள் பார்த்தான்.

எமரென்சியா எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வெங்கட்டன் காபியை முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

"பையைக் கீழ வையி," என்றான் அலமேலுவிடம். "அறுப்பைத் தம்பி பாத்துக்குவான். நானும் இங்கியே இருக்கேன்."

அவன் கொல்லைப்புறத்தில் விறகு பிளக்கத் தொடங்கினான். மூன்று நாளில் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கான விறகு சேர்ந்தது.

இருபத்துமூன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு அலமேலுவுக்கு இடுப்பு வலி கண்டது.

எமரென்சியா சோதித்துப் பார்த்தார். குழந்தை நேராக இருந்தது. கருப்பை வாய் இப்போதுதான் திறக்கத் தொடங்கியிருந்தது. கை கழுவிக்கொண்டு வந்து, மரக்குழலை லீமாவிடம் நீட்டினார். கூடவே மருந்து அலமாரியின் சாவியையும்.

"இன்னைக்கு நீங்க பாருங்க. ஜீப் தயாரா இருக்கு. கீழ கொண்டுபோகணும்னு தோணினா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீங்க?"

"நான் சமையல்கட்டுல இருப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை லீமா குழலை வைத்து எண்ணினார். நூற்று நாற்பத்திரண்டு. நூற்று நாற்பது. வலி வந்தது, போனது. பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. நகரத்து மருத்துவமனையில் என்றால் இதற்குள் வலியைக் கூட்டும் ஊசி போட்டிருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தை வெளியே வந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு லீமா எழுந்தார். அலமாரியைத் திறந்தார். அந்த ஊசி மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தார். குழந்தைக்காகவா, தனக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்க போற?" என்றாள் அலமேலு.

"எங்கயும் போகலம்மா."

"போயிடாத."

லீமா கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டுதான் இருந்தது. துடிப்பு நன்றாக இருந்தது. அவசரம் யாருடையது?

புட்டியை இருந்த இடத்தில் வைத்து அலமாரியைச் சாத்தினார். வந்து உட்கார்ந்து கையைக் கொடுத்தார். அலமேலு அதைப் பிடித்த பிடியில் மணிக்கட்டில் விரல் பதிந்தது.

ஒன்று. ஒன்றேகால். ஒன்றரை. ஒவ்வொரு முறையும் எண்ணிச் சொன்னபோது அலமேலுவும் எண்ணைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். "நூத்தி முப்பத்தெட்டா? காலைல நாப்பதுன்ன?" என்று கணக்குக் கேட்டாள். அந்த அறையில் குழந்தையைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு அது.

இரண்டரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. நீர் தெளிவாக இருந்தது. அடுத்து குழலை வைத்தபோது துடிப்பு தொண்ணூறு.

அந்தப் பெஞ்சும் வராந்தாவும் லீமாவின் கண்முன் வந்து நின்றன. அலமேலுவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். மறுபடி குழலை வைத்தார். இந்த முறை துடிப்பு ஏறாவிட்டால் கத்திக் கூப்பிட்டுவிடுவது என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டே எண்ணினார்.

தொண்ணூற்றாறு.

நூற்று இருபது.

நூற்று முப்பத்தாறு.

"இன்னா சொல்லுது?" என்றாள் அலமேலு.

"வர்றேன்னு சொல்லுது," என்றார் லீமா.

அதன் பிறகு வலி விடவில்லை. நாலு மணிக்குச் சற்று முன்பு குழந்தை பிறந்தது. பெண். உடம்பெல்லாம் நீலம் பாரித்து, அசைவில்லாமல் லீமாவின் இரண்டு கைக்குள்ளும் கிடந்தது. அலமேலு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இது அவளுக்குத் தெரிந்த மௌனம்.

லீமா கிழித்த சேலைத் துண்டால் குழந்தையைத் துடைத்தார். முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடி தேய்த்தார்.

குழந்தை ஒரு முறை விக்கியது. பிறகு வீடு அதிர அழுதது.

"அழுவுதா?" என்றாள் அலமேலு. காதில் விழுந்ததை அவள் நம்பவில்லை.

"அழுவுது."

லீமா குழந்தையைத் தாயின் மார்பில் போட்டார். பழக்கத்தில் அதன் முதுகைத் தட்டிச் சமாதானப்படுத்தப் போனார். அலமேலு அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. இன்னும் கொஞ்சம் அழட்டும்."

நஞ்சுக்கொடி விழுந்து, ரத்தம் அடங்கி, எல்லாம் துடைத்து முடித்துவிட்டு லீமா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வெங்கட்டன் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று சொல்ல முடியவில்லை. லீமாவைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினான்.

"சிஸ்டர், மொதல்ல மதரம்மாவுக்கு எதுனா குடுங்க. காலைல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

"சமையல்கட்டுலதானே இருந்தாங்க?"

"எங்க சமையல்கட்டு? இந்தக் கதவாண்டையே முக்காலியைப் போட்டுக்கினு உக்காந்திருந்தாங்க. எழுந்திருக்கவே இல்ல. நான் பேச வந்தா கையைக் காட்டி அடக்கிட்டாங்க. புள்ள அழுவுற சத்தம் கேட்டப்புறந்தான் எழுந்து போனாங்க."

கதவுக்கு வெளியே, சுவரோடு ஒட்டினாற்போல் முக்காலி கிடந்தது. அதன் கீழே ஒரு கும்பா கஞ்சி, ஆடை படிந்து, தொடாமல் இருந்தது.

லீமா சமையல்கட்டுக்குப் போனார். எமரென்சியா அலமேலுவுக்கு மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பொண்ணுதானே?"

"ஆமா. இரண்டே முக்கால் கிலோ."

"நல்லது."

லீமா நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"ஏழு மணி நேரம், மதர்."

"ஏழேகால்."

"உள்ள வந்திருக்கலாமே."

"நீங்க கூப்பிடல."

"நான் அலமாரியைத் திறந்தேன்."

"சத்தம் கேட்டுது."

"அப்பவுமா வரல?"

"சாத்தின சத்தமும் கேட்டுது."

ரசம் நுரைகூடி வந்தது. எமரென்சியா அதை இறக்கி வைத்தார்.

"ரெண்டரை மணிக்குத் துடிப்பு குறைஞ்சுது," என்றார் லீமா. "கூப்பிட வாயைத் திறந்துட்டேன். நீங்க சமையல்கட்டுல இருக்கீங்க, அடுப்புச் சத்தத்துல கேட்குமோ கேட்காதோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. அப்போ நான் கூப்பிட்டிருந்தா, நீங்க வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

எமரென்சியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஒரே எட்டு," என்றார்.